டாக்டர் ஹூ இனி என்ன ஆகும்? ரசிகர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

டாக்டர் ஹூ என்பது, காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் ‘டாக்டர்’ என்பவரைப் பற்றி பிபிசி 1963-ல் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர். டிஸ்னி பிளஸ் இனி அதன் தயாரிப்பில் பங்கு பெறாது என்று 2025 அக்டோபர் கடைசியில் பிபிசி அறிவித்தது. அன்று முதல் இந்தத் தொடரைப் பார்க்கிற யாரிடம் பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: இனி என்ன? நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நடந்தது எது, ரசிகர்கள் நினைப்பது எது, என் கருத்து எது என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

முதலில், தொடர் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. தொடரின் தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதும் சிறப்பு எபிசோட் 2026 கிறிஸ்துமஸுக்கு வரும் என்று பிபிசி அதே அறிவிப்பில் சொல்லிவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கான தனி அனிமேஷன் தொடர் ஒன்றும் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த முழு சீசன் எப்போது, அதில் எத்தனை எபிசோட், யார் எழுதுவார் என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இல்லை. ரசிகர்களின் கவலையெல்லாம் அந்த இடைவெளியில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

டிஸ்னி போனது நல்லதா, கெட்டதா?

டிஸ்னியுடனான ஏற்பாட்டில் மொத்தம் 26 எபிசோடுகள் வந்தன. 2023-ல் அறுபதாம் ஆண்டுக்காக மூன்று, இரண்டு கிறிஸ்துமஸ் சிறப்புகள், 2024-லும் 2025-லும் எட்டு எட்டாக இரண்டு சீசன்கள், கடைசியாக ஐந்து எபிசோடில் ஒரு கிளைத் தொடர். பணம் திரையில் தெரிந்தது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியானதால் நம்மைப் போல பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்கள் முதல் முறையாகக் காத்திருக்காமல் பார்த்தோம். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. 2024 சீசன் பிரிட்டனில் சனிக்கிழமை பிறக்கும் நள்ளிரவில் இணையத்தில் வெளியானது, டிவியில் அன்று மாலைதான் வந்தது. தொடங்கிய காலத்திலிருந்து பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த தொடர் அது. பெரியவர்கள் ராத்திரியே பார்த்துவிட்டுக் காலையில் கதையைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு மாலை வருவதற்குள் எல்லாம் தெரிந்துபோகும். அடுத்த வருடம் அதைக் காலை எட்டு மணிக்கு மாற்றினார்கள், ஆனாலும் பழைய சாயங்காலம் திரும்பவில்லை. டிஸ்னி போனதில் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல், அந்தச் சாயங்காலம் திரும்பக்கூடும் என்பது.

பில்லி பைபர்தான் அடுத்த டாக்டரா?

2025 மே 31 அன்று வந்த கடைசி எபிசோடில், அதுவரை டாக்டராக நடித்த சூட்டி கட்வா ரீஜெனரேஷன் ஆகிறார், அதாவது சாகும் நேரத்தில் பழைய உடல் போய்ப் புது உடல் வருகிறது. ஒளி அடங்கியதும் நிற்பவர் பில்லி பைபர். 2005-ல் டாக்டரின் துணை ரோஸ் டைலராக நடித்து இந்தத் தொடரை இன்றைய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். டைட்டிலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘டாக்டராக’ என்று போடவில்லை, ‘அறிமுகம்’ என்று மட்டும் போட்டார்கள். அதை வைத்துத்தான் இத்தனை ஊகங்களும்.

எனக்கு பில்லி பைபரை மிகவும் பிடிக்கும். ஆனாலும் இந்த முடிவு சரியில்லை என்று நினைக்கிறேன். 2023-ல், முன்பு டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட்டைத் திரும்ப அழைத்தார்கள், அது பிறந்தநாள் விருந்து, ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்குள் இன்னொரு பழைய முகம் என்றால், புதியவர்களை நம்பத் தைரியம் இல்லாதது போலத் தெரிகிறது. பழைய ரசிகர்கள் கைதட்டுவார்கள். ரோஸ் யாரென்றே தெரியாத பத்து வயதுப் பிள்ளை அந்தக் காட்சியில் எதைக் கண்டு வாய் பிளக்கும்?

பேசாமல் ஐந்தாறு வருடம் ஓய்வு கொடுக்கலாம் என்கிறார்களே?

இதைச் சொல்பவர்கள் நிறையப் பேர், அதில் பாதிப் பேர் தொடரை உயிராக நேசிப்பவர்கள். அவர்கள் காட்டும் உதாரணம் 1989. அந்த வருடம் டிசம்பர் 6-ஆம் தேதி 26-ஆவது சீசன் முடிந்தது. ரத்து என்று பிபிசி வெளிப்படையாகச் சொல்லவே இல்லை, அடுத்த சீசனை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தது போல. கதை ஆசிரியர் ஆண்ட்ரூ கார்ட்மெல் கடைசி நேரத்தில் டாக்டருக்கு ஒரு சின்னப் பேச்சு எழுதிக் கொடுத்தார். டாக்டரும் அவர் துணை ஏஸும் முதுகைக் காட்டி நடந்து போகும் காட்சியின் மேல் அது ஒலிக்கும். அப்போது டாக்டராக நடித்த சில்வெஸ்டர் மெக்காய் அதைப் பதிவு செய்தது நவம்பர் 23-ஆம் தேதி, தொடரின் 26-ஆவது பிறந்தநாள் அன்று. செய்து முடிக்க இன்னும் வேலை கிடக்கிறது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். இப்போது கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் பதினாறு வருடம். நடுவில் 1996-ல் பால் மெக்கான் நடித்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம். 2005 மார்ச் 26 அன்று தொடர் திரும்பியபோது அது பெரும் வெற்றி. ‘பார், ஓய்வு எடுத்தது, புதுத் தெம்போடு வந்தது’ என்கிறார்கள்.

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பதினாறு வருடத்தைத் தாங்கியது அதற்கு முந்தைய இருபத்தாறு வருடம். ஒரு தலைமுறை முழுக்க வாரா வாரம் பார்த்து வளர்ந்திருந்தது. முதல் சீசனில் மட்டும் 42 எபிசோடுகள். நின்ற பிறகும் அந்தத் தலைமுறை நாவல் எழுதியது, 1999-லிருந்து பிக் ஃபினிஷ் நிறுவனம் வழியாக ஒலி நாடகம் போட்டது, அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டது. இன்றைக்கு எட்டு வயதான பிள்ளைக்கு அப்படி என்ன சேமிப்பு இருக்கிறது? எட்டு எபிசோடில் இரண்டு சீசன். இப்போது ஐந்து வருடம் மூடினால் காத்திருக்கப்போவது நாம்தான், நாற்பது வயதுக்காரர்கள். நாம் மட்டும் பார்க்கிற டாக்டர் ஹூ எனக்கு வேண்டாம்.

பணம் குறைந்தால் தரமும் குறையாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் இந்தத் தொடரில் நாம் நேசிப்பது எல்லாமே பணம் இல்லாததால் பிறந்தவை.

டார்டிஸ், அதாவது டாக்டரின் காலக்கப்பல், போகிற இடத்துக்கு ஏற்ப வடிவம் மாற வேண்டும். வாரா வாரம் புது வடிவம் செய்ய வசதி இல்லை, அதனால் மாறும் கருவி பழுதாகிவிட்டது என்று முதல் கதையிலேயே எழுதிவிட்டார்கள். நீலநிறப் போலீஸ் பெட்டி உலகப் புகழ் பெற்றது அப்படித்தான். அந்தக் கப்பல் கிளம்பும்போது வரும் கரகரப்பு ஒலி இருக்கிறதே, அதைச் செய்தவர் பிபிசியின் ஒலிக்கூடத்தில் வேலை பார்த்த பிரையன் ஹாட்ஜ்சன். பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகள் மேல் வீட்டுச் சாவியைத் தேய்த்து இழுத்தார், பதிவானதை நாடாவில் முன்னும் பின்னும் ஓட்டிச் சேர்த்தார். ஒரு சாவி, ஒரு ஓட்டைப் பியானோ. அறுபது வருடம் தாண்டியும் அந்த ஒலி கேட்டதும் மயிர்க்கூச்செறிகிறது.

ரீஜெனரேஷனே அப்படி வந்ததுதான். 1966-ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியவில்லை, தொடரை நிறுத்தவும் மனம் இல்லை. பேட்ரிக் ட்ரௌட்டனை அழைத்து அவரும் அதே ஆள்தான் என்று சொல்லிவிட்டார்கள். முடைக்குச் செய்த ஏற்பாடு தொடரின் உயிராகிவிட்டது.

இது அறுபதுகளோடு முடிந்த கதையும் இல்லை. 2008-ல் டேவிஸ் எழுதிய ‘மிட்நைட்’ எபிசோடைப் பாருங்கள். ஏறக்குறைய முழுக் கதையும் ஒரே வண்டிக்குள். வெளியே போனால் சூரிய ஒளியே கொன்றுவிடும் கிரகம். யாரோ வெளியிலிருந்து தட்டுகிறார்கள். உள்ளே ஒரு பெண் மற்றவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லத் தொடங்குகிறாள். பிறகு கூடவே சொல்கிறாள். பிறகு டாக்டர் பேசுவதற்கு முன்பே சொல்கிறாள், டாக்டர் அவளைத் திருப்பிச் சொல்கிறார். அசுரன் என்று எதையும் கடைசிவரை காட்டவே இல்லை. நல்லவர்களாக ஏறிய பயணிகள் ஒரு மணி நேரத்தில் டாக்டரை வெளியே தூக்கிப் போடத் துணிகிறார்கள், அதுதான் பயம். ரசிகர்கள் சிறந்த எபிசோடுகளைச் சொல்லும்போதெல்லாம் இது வந்துவிடும். இதில் எங்கே பெரிய செலவு இருக்கிறது?

அசையாத கற்சிலைகளும் அப்படித்தான். நாம் பார்க்கும்வரை சிலை, கண் சிமிட்டினால் பாயும். 2007-ல் வந்த அந்தக் கதையை அக்கா மகளுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. மறுநாள் கடைக்குப் போகும்போது தெருமுனைச் சிலையைத் தாண்டும்வரை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்தபடி வந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தும் சிமிட்டவில்லை. ‘மாமா, நீங்க சிமிட்டிக்கோங்க, நான் பாத்துக்கறேன்’ என்றாள். எந்த கிராஃபிக்ஸும் இந்த வேலையைச் செய்யாது.

பார்ப்பவர்கள் எண்ணிக்கை விழுந்துவிட்டது உண்மையா?

உண்மைதான். 2018-ல் ஜோடி விட்டக்கர் டாக்டராக வந்த முதல் எபிசோடை ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். 2024, 2025 சீசன்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. டிவி பார்ப்பதே குறைந்துவிட்ட காலம் என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும். எண்ணிக்கையைத் தனியாகப் பிடித்துத் தொங்குவதிலும் அர்த்தம் இல்லை. தொடரின் வரலாற்றிலேயே அதிகமாக, 1 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தது 1979-ல். அப்போது போட்டிச் சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடந்தது.

ரஸ்ஸல் டி டேவிஸ் விலக வேண்டுமா?

2005-ல் தொடரை உயிர்ப்பித்தவர் அவர். அந்தக் கடனை யாரும் அடைக்க முடியாது. இரண்டாவது முறை வந்து செய்ததிலும் நல்லவை உண்டு. ஆனாலும் 2026 கிறிஸ்துமஸ் எபிசோடில் கதையின் முடிச்சை அவிழ்த்துவிட்டுப் பொறுப்பைக் கைமாற்ற வேண்டும் என்றே நினைக்கிறேன். டேவிஸ், ஸ்டீவன் மாஃபட், கிறிஸ் சிப்னல், மறுபடி டேவிஸ் என்று இருபது வருடம் மூன்று பேர் கையில் இருந்துவிட்டது. மூவரும் பழைய தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2005 தொடரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது எழுதும் வயதில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கைக்குப் போகட்டும்.

நாம் பேசி என்ன ஆகப்போகிறது, பிபிசி கேட்கவா போகிறது?

வேறு எந்தத் தொடரைப் பற்றிக் கேட்டிருந்தாலும் நானும் கையை விரித்திருப்பேன். இங்கே அப்படிச் சொல்ல முடியாது.

அறுபதுகளில் ஒளிபரப்பான எபிசோடுகளின் நாடாக்களைப் பிபிசி அழித்துவிட்டது. அப்படிப் போனவற்றில் 90-க்கும் மேற்பட்டவற்றின் படம் எங்குமே இல்லாமல் போனது. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. எப்படி? அந்தக் காலப் பிள்ளைகள் சிலர் டிவி ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பிபிசி தூக்கி எறிந்ததைக் காப்பாற்றியது ரசிகர்கள்.

பீட்டர் கபால்டி பள்ளிப் பையனாக இருந்தபோது இந்தத் தொடரைப் புகழ்ந்து ரேடியோ டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் 1974-ல் அச்சானது, நாற்பது வருடம் கழித்து அவரே டாக்டர். 1986-ல் பதின்ம வயது ரசிகராக ஒரு பிபிசி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, அந்த வருட சீசன் சரியில்லை என்று எழுத்தாளர்களிடமே முகத்துக்கு நேராகச் சொன்னவர் கிறிஸ் சிப்னல். பிறகு தொடரே அவர் பொறுப்புக்கு வந்தது, அவர் எழுதியதும் சரியில்லை என்று இன்னொரு கூட்டம் சொன்னது. இந்தத் தொடரில் ரசிகன் என்றால் வாசலில் நிற்பவன் என்று யாரும் நினைப்பதில்லை. அடுத்து சாவியை வாங்கப்போகிறவர் இன்றைக்கு எங்கோ யாருடனோ இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

‘அரசியல் அதிகமாகிவிட்டது’ என்ற குறை சரியா?

டாலெக்குகளைப் படைத்த டெர்ரி நேஷன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவன். தன் இனத்தைத் தவிர மற்றதெல்லாம் அழிய வேண்டும் என்று கத்துகிற அந்த இரும்புக் கூடுகள் நாஜிகள்தான். 1973-ல் தொழிற்சாலைக் கழிவிலிருந்து பிறந்த புழுக்களை வைத்து ஒரு கதை வந்தது. அரசியல் என்றைக்கும் இருந்தது.

குறை சொல்பவர்களிடம் ஒரு நியாயம் மட்டும் உண்டு: சொல்ல வந்த கருத்தைப் பாத்திரம் நின்று பிரசங்கமாகச் சொன்னால் கதை செத்துவிடும். கதைக்குள் வைத்தால் நிற்கும். 2018-ல் வினய் பட்டேல் எழுதிய பஞ்சாப் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஆகஸ்ட், எல்லைக்கோடு விழுகிற நாள். இந்து மணமகன், முஸ்லிம் மணமகள். அந்த எல்லைக்கோட்டிலேயே கல்யாணம் நடக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் கொலைகாரர்கள் என்று நினைத்தால், அவர்கள் தனியாகச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். கொல்வது மணமகனின் சொந்தத் தம்பி பக்கம். யாரும் வகுப்பெடுக்கவில்லை.

இந்திய வம்சாவளி நடிகர் ஒருவர் டாக்டராக வரலாமா?

தாராளமாக. 1963 நவம்பர் 23 அன்று வந்த முதல் எபிசோடை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன், அப்போது அவருக்கு 24 வயது. அந்தக் காலத்து பிபிசியில் அவரும், இளம்பெண்ணாக இருந்த தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் சேர்ந்துதான் இதை நடத்திக் காட்டினார்கள். 2013-ல் அந்த வரலாற்றை நாடகமாக எடுத்தபோது ஹுசேனாக நடித்த சாச்சா தவான், 2020-ல் டாக்டரின் பரம எதிரி மாஸ்டராகவே வந்தார். 2025 சீசனில் டாக்டரின் துணையாக வந்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர். பெலிண்டாவாக அவர் முதல் பாதியில் டாக்டரிடம் பயமில்லாமல் எதிர்த்துப் பேசியது அருமை, கடைசியில் அவர் பாத்திரத்தை எழுத்தில் கைவிட்டுவிட்டார்கள் என்பது என் மனக்குறை.

டாக்டரின் பிறப்பு ரகசியத்தை மாற்றிய 2020 கதையை அழித்துவிடலாமா?

வேண்டாம். டாக்டர் வேறெங்கிருந்தோ வந்த குழந்தை என்றும் கணக்கில்லாத பழைய பிறவிகள் உண்டென்றும் சிப்னல் எழுதியது எனக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததை அழிக்க ஒரு எபிசோட், அதை அழிக்க இன்னொன்று என்று போனால் புதிதாக வருபவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. பேசாமல் விட்டுவிட்டால் தானே பின்னால் போய்விடும்.

சரி, நீங்கள் பிபிசியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வருடத்துக்குப் பத்து எபிசோட், சனிக்கிழமை சாயங்காலம், தவறாமல். அதில் நான்கு ஒரே இடத்துக்குள் நடக்கும் கதைகள். முகம் தெரியாத நடிகர் ஒருவர் டாக்டராக. முதல் சீசனில் டாலெக் இல்லை, பழைய முகம் இல்லை, முந்தைய எபிசோடைப் பார்த்திருந்தால்தான் புரியும் என்ற நிலை இல்லை. பணம் குறைவென்றால் விண்வெளிப் போரை வெட்டலாம், எபிசோடை வெட்டக் கூடாது.

இப்போது புதிதாகத் தொடங்க நினைக்கிறேன், எங்கிருந்து பார்ப்பது?

2005 சீசனின் முதல் எபிசோடிலிருந்து. கிராஃபிக்ஸ் இன்றைக்குப் பழசாகத் தெரியும், இரண்டாவது எபிசோடுக்குள் அது கண்ணில் படாமல் போய்விடும். முழுக்கப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் மேலே சொன்ன கற்சிலைக் கதையை மட்டும் பாருங்கள், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். ராத்திரி வேண்டாம்.

2026 கிறிஸ்துமஸ் எபிசோடில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

அக்கா மகளுக்கு இப்போது பதினைந்து. சிலையைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற வயது. இந்த முறை பார்க்கிறாயா என்று கேட்டேன். ‘புது டாக்டர் யாருன்னு சொன்னாப் பாக்கறேன்’ என்றாள். அவளுக்குக் கீழே ஒரு தம்பி இருக்கிறான், ஏழு வயது. இன்னும் ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவனைத்தான் பக்கத்தில் உட்கார வைக்கப்போகிறேன். பில்லி பைபரைப் பார்த்ததும் ‘இவங்க யாரு மாமா?’ என்று அவன் கேட்பான். இருபது வருடக் கதையைச் சொல்லாமலே அதற்குப் பதில் அந்த எபிசோடிலேயே இருக்க வேண்டும்.